சாகக் கிடப்பவருக்கு மயக்க ஊசி போடுவது சரியா? ஊருக்குள் ஒரே பேச்சாக இருக்கிறது

கருமாத்தூர்_செல்வி:

எங்கள் பெரியப்பா போன மாதம் தவறிவிட்டார். தொண்டைப் புற்றுநோய், நுரையீரல் வரைக்கும் பரவிவிட்டது. மதுரை பாலரெங்கபுரம் ஆஸ்பத்திரியில் கரண்டு (கதிர்வீச்சு) வைத்துப் பார்த்தோம், கொஞ்ச நாள் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் மூச்சுத் திணறல் வந்து படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தபடியே இரவெல்லாம் இருப்பார், கண் இரண்டும் பிதுங்கி நம்மையே பார்க்கும். மார்ஃபின் கூட்டினார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள், எதற்கும் அடங்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கிற டாக்டர், அண்ணனை வாசலுக்குக் கூப்பிட்டுப் பேசினார். தோலுக்கடியில் ஒரு சின்ன ஊசியை வைத்து மிடசோலம் என்ற மயக்க மருந்தை ஏற்றினார்கள். தூங்கினார். மறுநாள் ராத்திரி தூக்கத்திலேயே மூச்சு நின்றது.

பதினாறாம் நாள் காரியத்தில் பந்தி முடிவதற்குள் பங்காளி வீட்டில் ஆரம்பித்துவிட்டார்கள். "பெரியவர ஊசி போட்டு அனுப்பிட்டாய்ங்க." இந்தப் பக்கத்தில் அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. சம்மதம் சொன்ன அண்ணன் யாருக்கும் பதில் சொல்லாமல் தோட்டமே கதி என்று கிடக்கிறார். நீங்கள் எல்லாம் என்ன நினைக்கிறீர்கள்? ஆறுதல் வேண்டாம், மனதில் உள்ளதை எழுதுங்கள்.

மேலூர்_பாண்டி:

மனதில் உள்ளதைக் கேட்டதால் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எண்ணெய் தேய்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி இளநீராகக் கொடுத்து வயசானவர்களை முடித்துவைத்த ஊர்கள் இன்னும் நம்மைச் சுற்றித்தான் இருக்கின்றன. 2010ல் விருதுநகர் பக்கம் ஒரு பெரியவர் தனக்கு அது நடக்கப் போகிறது என்று தெரிந்து வீட்டை விட்டு ஓடியதால்தான் விஷயம் பேப்பருக்கே வந்தது. தலைக்கூத்தல் என்கிற அந்த வழக்கத்தைச் செய்தவர்களும் "பாவம், இழுத்துக்கிட்டுக் கிடக்கு, கஷ்டப்படக் கூடாது" என்றுதான் சொன்னார்கள், கொலை செய்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு இளநீர், இன்றைக்கு மிடசோலம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

வார்டு_அக்கா:

நான் சொல்கிறேன் தம்பி. பெரியாஸ்பத்திரிப் பக்கம்தான் வீடு, நர்ஸ் வேலையில் பல வருஷம் ஓட்டியாகிவிட்டது.

தலைக்கூத்தலில் படுத்திருப்பவர் சாகக் கிடப்பவர் என்றே இருக்க வேண்டியதில்லை. இடுப்பு எலும்பு முறிந்தவர், நினைவு தப்பியவர், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர், இப்படி இன்னும் சில வருஷம் இருக்கக் கூடியவர்கள்தான் அதில் போனார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை. உயிர் போனால்தான் அந்த வேலை முடிந்ததாக அர்த்தம். மயக்கம் கொடுப்பதில் ஆள் ஏற்கெனவே கடைசி நாட்களில் இருக்கிறார், மிஞ்சிப் போனால் ஒன்றிரண்டு வாரம். மூச்சுத் திணறலோ, பிதற்றலோ, வலியோ வேறு எந்த மருந்துக்கும் அடங்கவில்லை என்றால்தான் இந்தப் பேச்சையே எடுப்பார்கள். குறைந்த அளவில் ஆரம்பித்து முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். நெற்றிச் சுருக்கம் விட்டதா, கை தலையணையைப் பிய்ப்பது நின்றதா, அதுதான் கணக்கு. அடங்கிவிட்டால் அதற்கு மேல் ஒரு சொட்டு கூட்டக் கூடாது. மிடசோலம் சீக்கிரம் இறங்கிவிடும் மருந்து, நிறுத்தினால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் கண் திறப்பார்கள். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

உயிரைச் சீக்கிரம் எடுக்கிறதா என்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். 2009ல் இத்தாலியில் மயக்கம் கொடுக்கப்பட்டவர்களையும் கொடுக்கப்படாதவர்களையும் ஒப்பிட்டார்கள். கொடுத்தவர்கள் இருந்தது சுமார் 12 நாள், கொடுக்காதவர்கள் 9 நாள். 2015ல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு ஆயுள் குறைவதற்கு ஆதாரம் இல்லை என்றது. அவையெல்லாம் சீட்டுக் குலுக்கிப் போட்டு நோயாளிகளைப் பிரித்துச் செய்த ஆய்வுகள் இல்லை, சாகக் கிடப்பவர்களிடம் அப்படிச் செய்யவும் முடியாது. அந்தக் குறை இருக்கத்தான் செய்கிறது.

மேலூர்_பாண்டி:

அக்கா, வார்டில் நீங்கள் முகத்தைப் பார்த்துக் கூட்டுவீர்கள், நம்புகிறேன். வீட்டுக்குள் யார் பார்ப்பது? எனக்கு மருந்து மேல் சந்தேகம் இல்லை, மகன்கள் மேல்தான். மூச்சு இருக்கும்போதே ரேகை உருட்டித் தான செட்டில்மெண்ட் முடித்த கதை ஒவ்வொரு பத்திர ஆபீஸ் வாசலிலும் கிடைக்கும். அந்த ஆட்கள் கையில் "டாக்டரே சொன்னார்" என்று ஒரு வார்த்தையையும் கொடுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பழங்காநத்தம்_ரவி:

பாண்டி சொல்வதில் பாதிதான் சரி. அந்தப் பக்கத்தையே பார்க்கிறோம், இந்தப் பக்கத்தை யாரும் பேசுவதில்லை. என் மாமியாரைத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம், பெயர் வேண்டாம். கல்லீரல் போய்விட்டது, பிழைக்க மாட்டார் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். கடைசி வாரம் பிதற்றல். மூக்குக் குழாயைப் பிடுங்குகிறார் என்று இரண்டு கையையும் கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டினார்கள். "கட்ட அவுத்து விடு மருமகனே, நான் வீட்டுக்குப் போறேன்" என்பதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. மயக்கம் கொடுக்கலாம் என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எங்களுக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கடைசியில் கையெழுத்துப் போட்டு, ஆம்புலன்சில் மூச்சு கொடுக்கிற ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து இறக்கி, அங்கே வைத்துக் குழாயை எடுத்தார்கள்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "மக, மருமகன் ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் பாத்தாங்கப்பா, லட்சக்கணக்குல செலவழிச்சாங்க." கையைக் கட்டிப்போட்டதற்கு நல்ல பெயர், தூங்கவைத்ததற்குக் கெட்ட பெயர். செலவு செய்தவன்தான் நல்ல பிள்ளை என்று நாம் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்குப்படி செல்வி அக்காவின் அண்ணன் தோற்றுப்போனார். அவ்வளவுதான் விஷயம்.

நாகமலை_வாத்தியார்:

ஓய்வுபெற்ற ஆசிரியன். இங்கே யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்.

கீழக்குயில்குடி சமணர் மலைக்கு நடந்துபோகும் தூரத்தில் என் வீடு. உண்ணாமல் இருந்து உயிர் விடுவதைச் சமணர்கள் நோன்பாகவே வைத்திருந்தார்கள், கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததும் நமக்குத் தெரியும். 2015ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அந்த நோன்பைத் தற்கொலை என்று தடைசெய்ய, அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. இதை மயக்க ஊசிக்கு ஆதரவாகச் சிலர் இழுப்பதைப் பார்க்கிறேன். அது எனக்கு ஒப்பவில்லை. அங்கே மனம் கடைசி வரை விழித்திருக்க வேண்டும் என்பதே நோன்பு. மயக்கத்தில் முதலில் போவதே அந்த விழிப்புதான்.

சாகும் நேரத்தில் நினைவு இருக்க வேண்டும், நாக்கில் சிவ நாமம் இருக்க வேண்டும், கடைசி நினைப்புதான் அடுத்த பிறவிக்கு வழி என்று நம்புகிறவர்கள் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள், நானும் ஒருவன். வலி தாங்க முடியாவிட்டாலும் பேரனை அடையாளம் கண்டுகொண்டே போக வேண்டும் என்று ஒருவர் ஆசைப்படலாம். அவரைத் தூங்கவைப்பது நல்லது செய்வதாகாது. டாக்டர்கள் வலியை அளக்கிறார்கள், இதை யாராவது கேட்கிறார்களா?

வார்டு_அக்கா:

நல்ல டாக்டர் கேட்பார் அய்யா. முழுசாகத் தூங்கவைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொல்கிற அளவுக்கு லேசாகவும் வைக்கலாம். ஒரு ராத்திரி மட்டும் தூங்கவைத்துக் காலையில் மருந்தை நிறுத்தி, எழுந்ததும் எப்படி இருக்கிறது என்று கேட்டு மேற்கொண்டு முடிவு செய்யலாம். அப்படித் தூங்கி எழுந்தவர்களில் சிலருக்கு அதற்கப்புறம் மயக்கமே தேவைப்படுவதில்லை. பயமும் தூக்கமில்லாததும் சேர்ந்துதான் பாதித் திணறல்.

ஞானஒளிவுபுரம்_மேரி:

எங்கள் சபையில் இது அறுபது எழுபது வருஷத்துக்கு முன்பே பேசி முடித்த விஷயம். 1957ல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்க மருந்து டாக்டர்களிடம் பேசும்போது, வேறு வழி இல்லை என்றால் நினைவு தப்பினாலும் வலியைப் போக்க மருந்து கொடுக்கலாம், சாவை வரவைக்கும் எண்ணம் இருக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். கூடவே ஒன்று சொன்னார்: நோயாளி செய்ய வேண்டிய கடமைகளைச் செய்து முடிக்க விட்டிருக்க வேண்டும்.

அந்த இரண்டாவது வரிதான் எங்கள் வீட்டில் விட்டுப்போனது. அம்மாவுக்கு மருந்து ஏற்றிய பிறகுதான் ஃபாதருக்கே போன் போனது. வந்து எண்ணெய் பூசினார், செபம் சொன்னார், அம்மாவுக்குப் பாவசங்கீர்த்தனம் (ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) செய்ய நினைவு இல்லை. பெங்களூரில் இருந்து தம்பி அடுத்த பஸ் பிடித்து வந்தான், அவனிடமும் பேசவில்லை. மருந்து கொடுத்ததில் யாருக்கும் வருத்தம் இல்லை. ஒரு அரை நாள் தள்ளியிருக்கலாம், அல்லது அரை நாள் முன்னாலேயே எல்லாரையும் வரச் சொல்லியிருக்கலாம். வாத்தியார் அய்யா சொல்வதும் ஏறத்தாழ இதுதானே.

வாடிப்பட்டி_குமார்:

எல்லாரும் ஊசியைப் பற்றியே பேசுகிறீர்கள். ஊரில் பேச்சு கிளம்புவது தண்ணீரில்தான். மயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நம் பக்கத்தில் சாகக் கிடப்பவருக்குப் பால் ஊற்றாமல் இருக்க முடியுமா? எங்கள் அப்பத்தா இழுத்துக்கொண்டு கிடந்தபோது ஆளாளுக்கு வந்து ஒரு சங்குப் பால். பேரன் ஊற்றினால் போகும், மூத்த மகள் ஊற்றினால் போகும், மண்ணாசையாக இருக்கும் என்று வயல் மண்ணைக் கரைத்து, பொன்னாசையாக இருக்கும் என்று தாலியை உரசி. தொண்டைக்குள் கரகரவென்று சத்தம், ஒவ்வொரு வாய்க்கும் புரை ஏறுகிறது, அதைப் பார்த்துவிட்டு "பாரு, குடிக்குது, ஆச இருக்கு" என்கிறார்கள். விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றினால் அது நேராக நுரையீரலுக்குத்தான் போகும் என்று அப்போது சொல்ல ஆள் இல்லை. இத்தனையும் முறைப்படி நடந்ததால் யாரும் யாரையும் கொலைகாரன் என்று சொல்லவில்லை.

ஆனால் ஊசி போட்ட வீட்டில் ஒரு சங்கு பால் ஊற்றவில்லை என்றால், "தண்ணி கூடக் குடுக்காமச் சாகடிச்சுட்டாய்ங்க" என்பார்கள். டாக்டர் விளக்கம் எல்லாம் அங்கே எடுபடாது.

வார்டு_அக்கா:

இதற்கு வழி இருக்கிறது குமார். பஞ்சைத் தண்ணீரிலோ பாலிலோ நனைத்துப் பிழிந்து உதட்டையும் நாக்கையும் ஈரமாக்கலாம். வாய் காய்வதுதான் அவர்களுக்குத் தொந்தரவு, வயிற்றுப் பசி அந்த நேரத்தில் பெரும்பாலும் இருக்காது. நான் போகிற வீடுகளில் வரிசையாக ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுப் பாலில் நனைத்த பஞ்சால் உதட்டைத் தொடச் சொல்வேன். யாருக்கும் குறை இருப்பதில்லை. செத்துக்கொண்டிருக்கும் உடம்பில் பாட்டில் பாட்டிலாக குளுக்கோஸ் ஏற்றினால் காலும் முகமும் வீங்கி, நெஞ்சில் சளிச் சத்தம்தான் கூடும். அதையும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

கம்பவுண்டர்_மணி:

மருந்துக்கடைக்காரன் பார்வையில் ஒன்று. "வேறு எந்த மருந்துக்கும் அடங்கவில்லை என்றால்" என்று அக்கா எழுதினார்கள். அந்த "வேறு எந்த மருந்தும்" உசிலம்பட்டியில், பேரையூரில் கிடைக்கிறதா? 1985 போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு மார்ஃபின் மாத்திரை வைத்திருக்கவே எல்லாரும் பயந்தார்கள், மாநிலத்துக்கு மாநிலம் லைசென்ஸ் மேல் லைசென்ஸ். 2014ல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வாங்கி வைக்கலாம் என்று எளிதாக்கினார்கள். சட்டம் மாறியது, பழக்கம் மாறவில்லை. விலை குறைந்த மாத்திரை, ஆனால் கிராமத்துப் பக்கம் கேட்டால் என்னையே சந்தேகமாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கேரளாவில் வலி தணிக்கும் சிகிச்சையை 1993ல் கோழிக்கோட்டில் ஆரம்பித்தார்கள், 2008ல் அரசே கொள்கை வகுத்தது, பஞ்சாயத்து அளவில் வீட்டுக்கு வருகிறார்கள். நமக்கு 2021ல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் படுத்த படுக்கையானவர்களை வீட்டுக்கே வந்து பார்ப்பது இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் வலிக்கு ஒழுங்காக மருந்து கிடைக்காத ஊரில் "கடைசி வழி" ரொம்பச் சீக்கிரம் வந்துவிடும். பாண்டி பயப்பட வேண்டியது அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஐந்தோவன்_சங்கர்:

தல்லாகுளத்துக்காரன், இப்போது நெதர்லாந்தில். இங்கே டாக்டர்கள் சங்கம் 2005லேயே இதற்கு வழிகாட்டி எழுதிவிட்டது. 2015 கணக்குப்படி இங்கே நடக்கும் சாவுகளில் சுமார் 18 சதவீதம் இப்படி ஆழ்ந்த மயக்கத்தில். கருணைக் கொலை தனி, அதற்கு 2002ல் இருந்து சட்டம் உண்டு, ஒவ்வொன்றையும் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். மயக்கம் கொடுப்பது சாதாரண சிகிச்சைக் கணக்கில் வருவதால் தெரிவிக்க வேண்டியதில்லை. பிரான்சில் 2016 சட்டத்தில் சில நிலைமைகளில் நோயாளியே அதைக் கேட்டுப் பெறும் உரிமை இருக்கிறது.

வெளிநாட்டில் எல்லாம் தெளிவு என்று நினைக்காதீர்கள். எண்ணிக்கை ஏன் இப்படி ஏறுகிறது, மெதுவாகச் செய்கிற கருணைக் கொலையா இது என்று இங்கேயும் சண்டை ஓயவில்லை. என் பக்கத்து வீட்டு டச்சுக்காரர் பாண்டி கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார், அவருக்குத் தலைக்கூத்தல் என்றால் என்னவென்றே தெரியாது.

கருமாத்தூர்_செல்வி:

எல்லாவற்றையும் படித்தேன். பாண்டி அண்ணே, சொத்து பிரித்துப் பல வருஷமாகிறது, பெரியப்பா பெயரில் ஒரு சென்ட் கூடக் கிடையாது. ஆனால் நீங்கள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்கும் தெரிகிறது. குமார் சொன்னது அப்படியே நடந்தது, பெரியம்மா இன்றைக்கு வரைக்கும் புலம்புவது பாலுக்குத்தான்.

பெரியப்பா தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். கரண்டு வைக்கப் போன இடத்தில் பக்கத்துப் படுக்கைக்காரர் மூச்சு முட்டிச் செத்ததைப் பார்த்துவிட்டு, "எனக்கு அப்படி வேணாம்டா, ஏதாச்சும் குடுத்துத் தூங்க வச்சிரு" என்று அண்ணனிடம் சொன்னாராம். அண்ணன் அதை யாரிடமும் சொல்லவில்லை. சாவைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியம்மா அழும், அபசகுனம் என்று திட்டும். இப்போது சொன்னால் பங்காளி நம்புவானா? "செத்தவரு வந்து சாட்சி சொல்வாரா" என்பான்.

அட்வகேட்_சொக்கர்:

உயர் நீதிமன்றக் கிளையில் வக்கீல் தொழில். சட்டத்தைக் கொஞ்சம் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், இங்கே ஒன்றோடு ஒன்று கலக்கிறது.

சாகடிப்பதற்காக ஊசி போடுவது இந்தியாவில் குற்றம், யார் கேட்டாலும் குற்றம். உயிர்காக்கும் கருவியை நிறுத்துவது வேறு: 2011ல், பல வருஷம் நினைவில்லாமல் கிடந்த நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கில் ஆரம்பித்து, 2018 மார்ச் 9ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அதையும், கடைசிக் காலத்தில் என்ன சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உயிலையும் ஏற்றார்கள். அதற்கு இரண்டு மருத்துவக் குழு பார்க்க வேண்டும். அடங்காத திணறலுக்கு அளவோடு மயக்கம் கொடுப்பது இதில் எதிலும் சேராது, அது சிகிச்சை. அதற்கு மருத்துவக் குழு தேவையில்லை. சிகிச்சை என்பதால்தான் குறிப்பு இருக்க வேண்டும்: என்ன தொந்தரவு, இதற்கு முன் என்னென்ன கொடுத்தார்கள், யாரிடம் பேசினார்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு ஏற்றினார்கள். செல்வி, அண்ணனிடம் சொல்லி அந்தக் குறிப்பின் நகலை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். சாட்சி இல்லை என்று கவலைப்படுகிறவருக்கு அது பெரிய துணை.

இந்தச் சிகிச்சை உயில் எழுதுவது முன்பு மாஜிஸ்திரேட் கையெழுத்து வரை போக வேண்டியிருந்ததால் யாரும் எழுதவில்லை. 2023 ஜனவரியில் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும் என்று மாற்றினார்கள். எனக்குத் திணறல் அடங்காவிட்டால் தூங்கவையுங்கள் என்றோ, வாத்தியார் அய்யா மாதிரி என்ன ஆனாலும் விழிப்போடு விடுங்கள் என்றோ அதில் கூடுதலாக எழுதிக்கொள்ளலாம்.

நாகமலை_வாத்தியார்:

எழுதிவிடுகிறேன். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் என் கையெழுத்து புரியாது, டைப் அடித்துத்தான் கொடுக்க வேண்டும்.

மேலூர்_பாண்டி:

எனக்கு இன்னும் முழுசாக ஒப்பவில்லை. டாக்டர் அண்ணனை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டுப் பேசினாரே, அங்கேதான் எல்லாம் கெட்டது. பங்காளி, மச்சான், சம்பந்தி எல்லாரையும் திண்ணையில் உட்காரவைத்து, இன்ன மருந்து, இதற்காக, போட்டால் பேச மாட்டார், பேச வேண்டியவர்கள் இப்போதே பேசுங்கள் என்று சொல்லியிருந்தால் பந்தியில் ஒருத்தனும் வாய் திறந்திருக்க மாட்டான். சத்தம் போட்டிருப்பார்கள், நானே போட்டிருப்பேன், ஆனால் அது ஊசிக்கு முன்னால் போட்ட சத்தமாக இருந்திருக்கும்.

சொக்கர் சார், ஒரு சந்தேகம். எங்கய்யாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, நன்றாக இருக்கிறார், தினமும் டீக்கடைக்கு நடந்து போகிறார். அவருக்குக் கையெழுத்து வராது, ரேகைதான். அவர் எழுத முடியுமா?

அட்வகேட்_சொக்கர்:

தாராளமாக. எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டி, நோட்டரி முன்னால் ரேகை வைக்கலாம். இரண்டு சாட்சி வேண்டும், குடும்பத்துக்கு வெளியே இருப்பவர்களாக இருந்தால் நல்லது, உங்கள் சந்தேகத்துக்கும் அதுதான் மருந்து. அவர் சார்பாக முடிவு சொல்ல ஒருவரையோ இரண்டு மூன்று பேரையோ பெயர் போட்டுக் குறிக்க வேண்டும், குடும்ப டாக்டருக்கு ஒரு நகல், உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒரு நகல். மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்.

மேலூர்_பாண்டி:

குடும்பத்துக்கு வெளியே சாட்சியா? எங்க ஊரில் தெருவுக்குத் தெரு பங்காளிதான் சார், ஆளுக்கு எங்கே போவேன்.

அட்வகேட்_சொக்கர்:

டீக்கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

மேலூர்_பாண்டி:

அவருக்கு எங்கய்யா கடன் பாக்கி வைத்திருக்கிறாரே, பரவாயில்லையா?